செயற்கைக்கோள் படத்தில் உங்கள் தோப்பு தெரியவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்த்துக் கொடுக்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என கேரள–தமிழ்நாடு எல்லையின் இரு புறத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களில் வாரத்துக்கு இருவராவது "மேலேயிருந்து எடுத்த படத்தில் எங்கள் இடத்தைக் காட்டுங்கள், வீட்டில் பார்த்தால் வரமாட்டேன் என்கிறது" என்று கேட்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருடைய கணினியிலோ போனிலோ கோளாறு எதுவும் இருப்பதில்லை. படத்தின் தேதியையோ அதன் புள்ளி அளவையோ கவனிக்காமல் விட்டிருப்பார்கள். ஆகவே இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன் கீழே உங்கள் அறிகுறியைத் தேடி, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

## அறிகுறி 1: கூகுள் எர்த் போன்ற தளத்தில் பூமி உருண்டை வரவே இல்லை, கறுப்பு அல்லது வெள்ளைத் திரை நிற்கிறது

முதலில் அதே உலாவியில் வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கவில்லை என்றால் இணைப்புதான் குற்றவாளி. மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

மற்ற தளங்களிலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்ற எச்சரிக்கை வந்தால், திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். வேலந்தாவளத்திலிருந்து ஒருவர் மகனுடைய பழைய கணினியைத் துணிப்பையில் கட்டி எடுத்து வந்தார். அதன் தேதி 2009 சனவரி 1 என்று இருந்தது. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்களை உலாவி ஏற்காது, படமும் இறங்காது. தேதியைத் திருத்தினோம், உருண்டை வந்தது. அணைத்துப் போட்டதும் மறுபடி பழைய தேதிக்கே போயிற்று. மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி, சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும், அதை மாற்றியதோடு வேலை முடிந்தது.

தேதி சரியாக இருந்தும் உருண்டை வரவில்லை என்றால், உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே வந்துவிட்டால், சேர்ந்துபோன தற்காலிகக் கோப்புகளோ, விளம்பரத் தடுப்பு போன்ற ஏதோ ஒரு நீட்சியோ (எக்ஸ்டென்ஷன்) இடைஞ்சல் செய்கிறது. கேஷ் எனப்படும் அந்தத் தற்காலிகக் கோப்புகளை அழித்து, நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். அங்கேயும் வரவில்லை என்றால், உலாவியின் அமைப்புகளில் 'ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முப்பரிமாண உருண்டையைக் காட்ட வெப்ஜிஎல் என்ற வசதி வேண்டும். அந்த அமைப்பு அணைந்திருந்தால் உருண்டை வராது அல்லது எறும்பு ஊர்வது போல நகரும்.

கணினியில் நிறுவிப் பார்க்கும் கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசம். அதில் கறுப்புத் திரை வந்தால் 'ஹெல்ப்' பட்டியலில் இருக்கும் 'ரிப்பேர் டூல்' என்பதைத் திறந்து, டிஸ்க் கேஷை அழியுங்கள். பிறகு திரையில் படம் வரையும் முறைகளான ஓப்பன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ் இரண்டில் இப்போது எது இருக்கிறதோ அதற்கு மற்றதை மாற்றிப் பாருங்கள். பழைய கணினிகளில் இந்த ஒரு மாற்றத்தாலேயே படம் வந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்கும் வரவில்லை என்றால் உருண்டையை விட்டுவிடுங்கள். கூகுள் வரைபடத்தின் சாட்டிலைட் அடுக்கும், இஸ்ரோவின் ஐதராபாத் மையம் 2009 ஆகஸ்டில் தொடங்கிய புவன் தளத்தின் தட்டை வரைபடமும், எஸ்ரி நிறுவனத்தின் வேபேக் பக்கமும் பழைய இயந்திரத்தில்கூடத் திறக்கின்றன. நிலம் பார்க்க வந்தவருக்கு உருண்டை சுற்றுவதால் பயன் எதுவும் இல்லை.

மெக்கானிக்கை அழைக்க வேண்டியது எப்போது என்றால், வீடியோவிலும் கோடு கோடாகக் கிழிந்து தெரிந்தாலோ, படம் திறந்த சில நிமிடங்களில் கணினி தானாக அணைந்தாலோதான். அது கிராபிக்ஸ் கார்டு அல்லது சூடு சார்ந்த சிக்கல். அமைப்புகளை மாற்றித் தீராது.

## அறிகுறி 2: படம் வருகிறது, ஆனால் மங்கலாகவே இருக்கிறது

அரை நிமிடம் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். படம் கட்டம் கட்டமாக இறங்கும். இறங்குவதற்குள் மீண்டும் மீண்டும் பெரிதாக்கினால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். போனில் டேட்டா சேவர் இயங்கினால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

காத்திருந்தும் மங்கல் தெளியவில்லை என்றால், எந்தச் செயற்கைக்கோளின் படத்தைப் பார்க்கிறீர்கள் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல்-2 தரும் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் அது ஒரு ஆர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஐந்து சென்ட் வீட்டுமனை அந்தப் படத்தில் இரண்டே புள்ளிகள். அமெரிக்காவின் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர்; அது 22 சென்ட். நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தில் தினமும் வரும், மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவி எடுக்கும் படத்தில் மிக நுணுக்கமான புள்ளியே 250 மீட்டர். அந்த ஒரு புள்ளிக்குள் பதினைந்து ஏக்கர் தோப்பு அடங்கிவிடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தப் புள்ளி உடையாது.

எனவே பார்க்க வேண்டிய பொருளுக்கு ஏற்றபடி தளத்தை மாற்றுங்கள். வீடு, கிணறு, வேலி, தென்னை மரம் என்றால் கூகுள், எஸ்ரி, பிங் ஆகியவற்றில் ஒன்று. ஆழியாறு அணையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, சித்தூர்ப் புழை ஆற்றுப் பாசனத்தில் எந்த வயல் பச்சையாக இருக்கிறது என்றால் சென்டினல்-2. அதைக் கோப்பர்னிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

கூகுள், எஸ்ரி, பிங் மூன்றிலும் உங்கள் இடம் மட்டும் மங்கலாக இருந்து, அதைத் தெளிவாகப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், 30 சென்டிமீட்டர் புள்ளி கொண்ட வணிகப் படங்களை விலைக்கு வாங்கலாம், அல்லது உரிமம் உள்ள டிரோன் ஆளை வரவழைக்கலாம். இரண்டுமே ஒற்றை மனைக்குக் கட்டுபடியாகாத செலவு என்பது என் எண்ணம்.

## அறிகுறி 3: மூன்று வருடம் முன்பு கட்டிய வீடு படத்தில் இல்லை

இதுதான் என் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. படம் நேரலை அல்ல. இணையத்தில் நாம் பார்க்கும் நுணுக்கமான படம், வெவ்வேறு நாட்களில் எடுத்த துண்டுகளைத் தைத்த போர்வை. கிழக்குப் பாதித் தோப்பு ஒரு வருடத்தியதாகவும் மேற்குப் பாதி இன்னொரு வருடத்தியதாகவும் இருக்கலாம்.

கூகுள் எர்த் புரோவில் உங்கள் இடத்துக்கு மேலே நன்றாக இறங்கி வந்தபின், திரையின் அடியில் இருக்கும் தேதியைப் படியுங்கள். வெகு உயரத்தில் நின்று பார்க்கும்போது அங்கே தெரியும் தேதியை நம்ப வேண்டாம். பிறகு மேல் பட்டியில் கடிகாரக் குறியை அழுத்தினால் வருடங்களின் கம்பி வரும். அதை வலது ஓரம் வரை தள்ளிப் பாருங்கள். முதலில் காட்டிய படத்தைவிடப் புதிய படம் அங்கே இருப்பது உண்டு, ஏனென்றால் தெளிவு கருதிப் பழைய படத்தையே முன்னால் வைத்திருப்பார்கள்.

அங்கேயும் இல்லையென்றால் எஸ்ரி வேபேக்குக்குப் போங்கள். 2014 பிப்ரவரியிலிருந்து வெளியான பதிப்புகள் வரிசையாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ளது பதிப்பு வெளியான தேதி. படம் எடுத்த தேதி வேறு. உங்கள் இடத்தின் மேல் சொடுக்கினால்தான் எடுத்த நாள் தெரியும். 2023 பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு "2023-இல் இங்கே மரம் இருந்தது" என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் வாதாடியவர், அது 2020-இல் எடுத்த படம் என்று தெரிந்தபின் என்னிடம்தான் கோபித்துக்கொண்டார்.

இந்த வாரத்து நிலைதான் வேண்டும் என்றால் நுணுக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். சென்டினல்-2 இரண்டு செயற்கைக்கோள்களாகச் சுற்றி ஐந்து நாளைக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் வருகிறது, காலை பதினொரு மணிக்குச் சற்று முன்னால். புதுக் கூரை அதில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் தெரிந்ததுதான்.

"லைவ் சாட்டிலைட்" என்று போனில் விளம்பரம் வரும் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பூமியை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நம்முடைய இன்சாட்-3டிஆர் அரை மணிக்கு ஒரு முறை படம் தருகிறது. அதன் மிக நுணுக்கமான புள்ளி ஒரு கிலோமீட்டர். அதில் மேகக்கூட்டம் தெரியும், உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி தெரியாது. அந்தச் செயலிகளுக்குக் காசு கட்ட வேண்டாம்.

## அறிகுறி 4: எந்தத் தேதியைத் திறந்தாலும் வெள்ளை மேகம்

சூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழையும் காலத்தில் இதைத் தவிர்க்க முடியாது. தேதியைச் சனவரி முதல் மார்ச் வரைக்கு மாற்றிப் பாருங்கள். கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

மழைக்காலத்துப் படமேதான் வேண்டும் என்றால், தேடும்போது மேக அளவைக் குறைத்து வைக்காதீர்கள். கேட்க முரணாக இருக்கும். சென்டினல்-2 படங்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலமான கட்டங்களாகப் பிரிக்கப்பட்டவை. மேகச் சதவீதம் அந்த முழுக் கட்டத்துக்கும் கணக்கிட்டது. மலைப்பக்கமெல்லாம் மூடி 80 விழுக்காடு என்று காட்டும் நாளில், கிழக்கே நம் எல்லைச் சமவெளி பளிச்சென்று திறந்திருக்கலாம். 20 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்று வடிகட்டினால் அந்த நல்ல படம் பட்டியலிலேயே வராது. எனவே வடிகட்டியை நூறில் வைத்து, நாள் நாளாகக் கண்ணால் பாருங்கள்.

அப்படியும் கிடைக்காவிட்டால் சென்டினல்-1 இருக்கிறது. அது ரேடார், மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும். படம் கறுப்பு வெள்ளையாக, மணல் தூவியது போல இருக்கும். அசையாத தண்ணீர் கறுப்பாகத் தெரியும். வெள்ளம் வயலுக்குள் எதுவரை வந்தது என்று பார்க்க அது போதும். பயிர் அழுகியதா என்று அதை வைத்துச் சொல்ல முயல வேண்டாம். நிவாரணத்துக்கு விண்ணப்பிப்பவர் கிருஷி பவன் (கேரள வேளாண் அலுவலகம்) அதிகாரியை நேரில் அழைத்துக் காட்டுவதே முறை.

## அறிகுறி 5: படத்தில் கறுப்புக் கோடுகள், அல்லது ஊரெல்லாம் சிவப்பு

சாய்வான கறுப்புக் கோடுகள் சம இடைவெளியில், ஓரங்களில் அகலமாகவும் நடுவில் மெலிந்தும் இருந்தால், நீங்கள் திறந்திருப்பது லேண்ட்சாட் 7 எடுத்த படம். அதன் வரி திருத்தும் பாகம் 2003 மே 31 அன்று பழுதானது. அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெற்றிடம். உங்கள் கணினியை எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் கோடு போகாது. 2003-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட காலத்துக்கு லேண்ட்சாட் 5 படம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். 2013-க்குப் பிறகு என்றால் லேண்ட்சாட் 8.

வேர்ல்டுவியூவில் வடக்கு தெற்காகப் பெரிய கறுப்புப் பட்டை தெரிந்தால், அன்றைய சுற்றில் அந்த இடம் செயற்கைக்கோளின் பார்வைக்கு வெளியே போய்விட்டது என்று பொருள். மறுநாளைத் திறந்தால் பட்டை நகர்ந்திருக்கும்.

தோப்பெல்லாம் இரத்தச் சிவப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அடுக்குப் பட்டியலில் 'ஃபால்ஸ் கலர்' தேர்வாகியிருக்கிறது; 'ட்ரூ கலர்' என்று மாற்றினால் பச்சை திரும்பும். மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள்: செழிப்பான தென்னை அடர்சிவப்பாகவும், வாடியது வெளிறியும் தெரியும்.

## அறிகுறி 6: பதிவிறக்கம் பாதியில் நிற்கிறது, அல்லது இறங்கிய கோப்பு திறக்கவில்லை

பார்ப்பதற்குப் பதிவு தேவையில்லாத தளங்களிலும் இறக்குவதற்குக் கணக்கு வேண்டும். கோப்பர்னிக்கஸ், அமெரிக்க நிலவியல் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் இரண்டிலும் அது இலவசம். உள்நுழைந்தும் நின்றால் கோப்பின் அளவைப் பாருங்கள். சென்டினல்-2-இன் ஒரு கட்டம் ஏறத்தாழ ஒரு ஜிபி. பள்ளிச் செயல்திட்டத்துக்கு ஒரு பக்கப் படம் கேட்டு வரும் பிள்ளைகள் இதைப் போன் டேட்டாவில் இறக்கிவிட்டு அழுகிறார்கள். கோப்பர்னிக்கஸ் பிரவுசரிலேயே திரையில் தெரியும் பகுதியை மட்டும் படமாகச் சேமிக்கும் பொத்தான் இருக்கிறது, அதுவே போதும். முழுக் கோப்புதான் வேண்டும் என்பவர்கள் அதைப் போட்டோ பார்க்கும் செயலியில் திறக்க முயலாமல், கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி 7: வேறு ஏதோ இடத்தைக் காட்டுகிறது

ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்து தேடினீர்களா? கோபாலபுரம் என்றால் சென்னைக்குப் போகும். மீனாட்சிபுரம் தென்மாவட்டங்களில் எத்தனையோ உண்டு. கொழிஞ்சாம்பாறையின் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். பாலக்காடு என்பதையும் சேர்த்து அடியுங்கள். இல்லையேல் நம் பாலக்காட்டுச் சித்தூரைத் தேடி, சித்தூர் என்று மட்டும் அடித்து ஆந்திரத்துச் சித்தூரில் இறங்குவீர்கள்.

ஆயத்தொலைவு எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) இட்டீர்களா? முன்பின்னாக மாற்றி இட்டால், 76.83 முதலிலும் 10.74 பின்னாலும் என்றால், வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே நீலக் கடலில் நிற்பீர்கள். அது உடனே தெரிந்துவிடுகிற தவறு. தெரியாத தவறு பாகை, கலை, விகலையை (டிகிரி, நிமிடம், வினாடி) தசமமாக மாற்றாமல் இடுவது. காகிதத்தில் 10°44'20" என்று இருந்தால் அது 10.4420 அல்ல. 44-ஐ 60-ஆலும் 20-ஐ 3600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும், விடை 10.7389. கிழக்கு எண்ணையும் இதே போலத் தப்பாக இட்டால், கொழிஞ்சாம்பாறையில் இருக்க வேண்டிய இடம் தென்மேற்கே ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி மலைப்பக்கம் போய்விடும்.

பழைய சர்வே ஆஃப் இந்தியா தாளிலிருந்து எண் எடுத்தீர்களா? அந்தத் தாள்கள் எவரெஸ்ட் அளவுமுறையில் வரைந்தவை. இணைய வரைபடங்கள் டபிள்யூஜிஎஸ்84 முறையில் இருப்பவை. மாற்றாமல் இட்டால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். கியூஜிஐஎஸ் மாற்றிக் கொடுக்கும்.

இடம் சரி, ஆனால் வேலி சில மீட்டர் தள்ளித் தெரிகிறதா? இங்கேதான் நிதானம் வேண்டும், வழக்குகள் தொடங்குவது இந்த இடத்தில். கூகுள் எர்த் புரோவில் உங்கள் கிணற்றின் நடுவில் ஒரு மஞ்சள் ஊசியைக் குத்துங்கள். பிறகு வருடக் கம்பியை மெதுவாகப் பின்னோக்கித் தள்ளுங்கள். ஊசி அசையாது, கிணறு அசையும். ஒரு வருடத்தில் ஊசிக்குக் கிழக்கே, இன்னொரு வருடத்தில் வடக்கே. செயற்கைக்கோள் சாய்வாகப் பார்த்து எடுத்ததாலும், தரையின் உயரத்தை ஈடுசெய்ததில் பிசகு இருப்பதாலும் வரும் நகர்வு இது; நெல்லியாம்பதி போன்ற மலைச் சரிவுகளில் இன்னும் கூடும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 மீட்டர் நீளமுள்ள எல்லையில் 5 மீட்டர் நகர்ந்தால் 300 சதுர மீட்டர், ஏழரை சென்ட். போனின் ஜிபிஎஸ்ஸும் திறந்த வெளியில் சில மீட்டர் பிசகும், தென்னை நிழலில் அதற்கு மேலும் பிசகும்.

ஆகவே எல்லைத் தகராறு என்றால் இந்த வழிமுறை இங்கே நின்றுவிடுகிறது. அடுத்து அழைக்க வேண்டியவர் சர்வேயர். தமிழ்நாட்டுப் பக்கத்து நிலத்துக்குப் பட்டாவும் புலப்படமும் எடுத்துக்கொண்டு அளவைக்கு விண்ணப்பியுங்கள். கேரளப் பக்கம் என்றால் அங்கே 'ஆதாரம்' எனப்படும் நிலப் பத்திரமும், கரம் (நிலவரி) தீர்த்த ரசீதும் கொண்டு வில்லேஜ் ஆபீஸில் தொடங்கி தாலுகா சர்வேயரிடம் போக வேண்டும். 2022 நவம்பரில் தொடங்கிய டிஜிட்டல் மறுஅளவை உங்கள் கிராமத்தில் முடிந்துவிட்டதா என்றும் அங்கேயே கேளுங்கள். பழைய வருடத்துப் படத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது வீணாகாது. மூடிப்போன கிணறும் அழிந்த வரப்பும் எந்த மூலையில் இருந்தன என்று எல்லைக் கல் தேடும்போது அது காட்டும்.

மாநில எல்லைக்கோடு உங்கள் இடத்தின் குறுக்கே போகிறதா? வண்ணாமடைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேரனுடைய போனை நீட்டி, "ஏனுங் தம்பி, எந்தோப்பு பாதி தமிழ்நாட்டுக்குப் போயிருச்சா?" என்று கேட்டார். குரலில் விளையாட்டு இல்லை. கோடு அவருடைய மோட்டார் அறையின் மேலேயே போயிருந்தது. படத்தின் மேல் வரையும் எல்லைக்கோடு சிறிய அளவு வரைபடத்திலிருந்து எளிதாக்கி இட்டது. பெரிதாக்கும்போது அது எந்த வீட்டின் மேலும் ஏறும். அடுக்குப் பட்டியலில் 'பார்டர்ஸ்' என்பதன் குறியை எடுத்துவிட்டேன், கோடு மறைந்தது. அதன் பிறகும் அவர் மடியிலிருந்து அந்த வருடத்துக் கர ரசீதை எடுத்து விரித்து, சித்தூர் தாலுகா என்று எழுதியிருந்த வரியை என்னை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போனார்.